நம் வீட்டு முட்டுக்கட்டை

அன்பு வாண்டுக்கு, அப்பா ஆசையோடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான வயிற்றெரிச்சலோடும் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வரிசையாகச் சொல்வதானால் கார் ரொம்ப சுகம், அம்மா சுகம், நானும் இருக்கிறேன். அங்கே உன் கார் சுகமில்லை, அடியில் ஏதோ கடகடவென்று சத்தம் போடுகிறது, மாதக் கடைசியில் வருகிற நீண்ட விடுமுறையில் நீயே அதைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்துப் பார்க்கப்போகிறாய் என்பது வரை எனக்குத் தெரியும். நீ சொல்லித் தெரியவில்லை. நீ அம்மாவிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெற்ற மகளின் சேதியை அடுப்படி ஜன்னல் வழியாகத் தெரிந்துகொள்கிற நிலைமைக்கு வந்துவிட்ட மனிதன் எழுதுகிற கடிதம் இது, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடிக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது நான், எடுப்பதும் நான். அப்பா நல்லா இருக்கீங்களா மாத்திரை போட்டீங்களா அம்மாகிட்ட குடுங்க என்று மூன்றையும் நீ ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாய், முதல் இரண்டுக்கு நான் பதிலைத் தேடி எடுப்பதற்குள் போன் கை மாறிவிடுகிறது. மற்ற வீடுகளில் எப்படி என்று கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் விசாரித்தும் பார்த்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி ஃபிரேமை மாட்டிக் காதுக்குப் பின்னால் சரிபார்க்கிற சாக்கில், உங்க பொண்ணுக்கு வண்டி மக்கர் பண்ணா யாருக்குங்க போன் பண்ணும் என்று கேட்பேன். அவங்க அப்பாவுக்குத்தான் என்கிறார்கள் எல்லா அம்மாக்களும், அதிலும் சிலர் பெருமூச்சு விட்டுக்கொண்டு. உடம்பு சரியில்லை என்றால் அம்மா, வண்டி சரியில்லை என்றால் அப்பா, இதுதான் ஊர் உலகத்து ஏற்பாடு. நம் வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கிறவள் அம்மா, அதனால் வண்டியும் அவளுக்கு, உடம்பும் அவளுக்கு. எனக்கு மாத்திரை மட்டும்தான், அதுவும் கேள்வி வடிவில். நீ அந்தப் பழைய காரை வாங்கிய நாளிலிருந்து அம்மா போனை எடுத்துக்கொண்டு நேரே போர்டிகோவுக்குப் போய்விடுகிறாள், நம் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ நீ அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பது மாதிரி குனிந்து பேசுகிறாள், சிரிக்கிறாள் பார், கல்யாணமான நாளிலிருந்து நான் தலைகீழாக நின்று ஜோக்கடித்தும் வரவழைக்க முடியாத சிரிப்பை நீ கிளட்ச் பிளேட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி வரவழைத்துவிடுகிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போதாததற்கு அந்தப் பஞ்சர் கடைக்காரர் வேறு. அம்மாவை மேடம் என்கிறார், சரி, என்னை என்ன சொல்கிறார் தெரியுமா, மேடம் வீட்டு சார் என்கிறார். வீட்டு நாய் என்பது மாதிரி.

போன ஞாயிறு நீ அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னபோது நான் அடுப்படியில் ஏற்கெனவே துடைத்த டம்ளரை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் பாதிதான் கேட்டது. குழாயை மூடிய நேரம் பார்த்து அம்மாவின் குரலில் காதில் விழுந்தது இதுதான். "நம்ம வீட்டு முட்டுக்கட்டை இருக்கே, பழசாயிடுச்சு, ஓரமெல்லாம் தேஞ்சு போச்சு, ஆனா நகரவே நகராது. அதை இடம் மாத்தி வைக்கிறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடும்." அந்தப் பக்கம் நீ கலகலவென்று சிரித்தது ஸ்பீக்கரில் தெருவுக்கே கேட்டது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. நீ அந்தத் தூரத்து ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது, தங்குகிற இடம் எப்படி, ராத்திரி பஸ் உண்டா, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று நாலு கேள்வி கேட்டேன், அதற்கு அம்மா வைத்த பெயர் முட்டுக்கட்டை. ஹாலுக்கு அவள் மஞ்சள் பெயின்ட் என்றாள், கண் கூசும் என்று தொழில் முறையில் ஒரு அபிப்பிராயம் சொன்னேன், அதற்கும் முட்டுக்கட்டை. அந்த வார்த்தை இந்த வீட்டில் என் செல்லப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. அதை என்னிடம் நேரே சொல்லும்வரை பொறுத்துக்கொள்ளலாம், மகளோடு சேர்ந்துகொண்டு ஓரமெல்லாம் தேய்ந்துபோச்சு என்று சிரித்தால்? கண்ணாடி முன்னால் போய் நின்று ஓரங்களைப் பார்த்தேன். பொய் என்று சொல்லவும் வழியில்லை.

மறுநாள் எனக்கு வார விடுமுறை, அம்மாவுக்கு வகுப்பு. பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு அவள் போனதும் ஒரு முடிவுக்கு வந்தேன். நம் காரை நானே தூக்குவது, முன் சக்கரத்தைக் கழற்றுவது, கழற்றிய சக்கரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவது. கீழே ஒன்றும் எழுதக்கூடாது, சும்மா போட்டோ மட்டும், அலட்சியமாக. நானும் நட்டும் ஸ்குரூவும் முடுக்கியே பிழைக்கிறவன்தானே, என்ன, என் ஸ்குரூக்கள் கொஞ்சம் கீழே விழுந்தால் தேடுவதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்தேன். கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரிகிற அந்தச் சின்ன ஜாக்கி. குனிந்து வேலை செய்ய உட்கார ஏதாவது வேண்டுமே என்று பார்த்தேன், அம்மாவின் சாமான்கள் கிடக்கிற மூலையில் முக்கோணமாகச் செதுக்கிய ஒரு கனமான மரக்கட்டை கிடந்தது, தம் கட்டி இழுத்து வந்து போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். ஒரு பக்கமாகச் சரித்தது, ஆனால் உட்காரலாம். அதன் மேல் உட்கார்ந்துகொண்டு உன் அப்பா காரைத் தூக்கினார். நிஜமாகவே தூக்கினேன் வாண்டு, கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அவ்வளவு பெரிய சாமான் எழும்பி வருகிறது, நான் அடைந்த கர்வத்தைச் சொல்ல முடியாது, மனுஷர்களை ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்கள் ஏன் அத்தனை சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்கப்புறம் ஸ்பேனரை நட்டில் மாட்டித் திருகினால் நட்டு திரும்பவில்லை, சக்கரம் திரும்புகிறது. பிடித்துக்கொண்டு திருகினால் கார் அசைகிறது. வியர்வையில் மூக்குக்கண்ணாடி வழுக்கிக் கீழே விழுந்து உருண்டு காருக்கு அடியில் போய்விட்டது. என் கண்ணாடி, நானே ஃபிரேம் போட்டது, காதுக்குப் பின்னால் சரியாகப் பிடிக்கவில்லை, வெளியே சொல்லாதே, கடையின் மானம் போய்விடும். தரையில் படுத்துத் தலையையும் தோளையும் உள்ளே விட்டு அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வந்து, துடைத்து மாட்டிக்கொண்டு, இந்த முறை ஸ்பேனரின் மேல் ஒரு காலை வைத்து முழு பாரத்தையும் போட்டு ஒரு மிதி மிதித்தேன். கார் மெதுவாக, யாரோ கூப்பிட்டதற்கு எழுந்து போவது மாதிரி, கேட்டைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. அடுத்த நொடி தடால் என்று ஒரு சத்தம், கார் தரையில் இருக்கிறது, ஜாக்கி நசுங்கி ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, நான் செவ்வந்தித் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். கியர் நியூட்ரலில் இருந்திருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை நான் போட்டேன்தான், ஆனால் பூவைக் கிள்ளுவது மாதிரி போட்டிருக்கிறேன். நம் போர்டிகோ கேட்டுப் பக்கம் சரிவு என்பது, தினமும் அதில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தும், எனக்குத் தெரியாது. சக்கரத்தைக் கழற்றத் தெரியாததால் சக்கரம் அதன் இடத்திலேயே இருந்தது, அதனால்தான் கார் முழுசாகத் தரையில் குத்தவில்லை. என் திறமைக் குறைவு ஒரு காரைக் காப்பாற்றியது. என்னைக் காப்பாற்றியது எது என்று அப்போது யோசிக்கவில்லை. மேல்வீட்டு மீட்டர்காரர், அதுதான் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்று இப்போது தெருவையே மீட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, சார் ஜாக்கி படுத்துடுச்சு போலிருக்கே என்று ஏதோ ஜாக்கிக்குக் காய்ச்சல் என்பது மாதிரி விசாரித்தார். நான் ஒன்றுமில்லை சார் என்று தொட்டிக்குள்ளிருந்தே சொன்னேன். அவர் உடனே உள்ளே போய் அம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டார். அவரிடம் அம்மாவின் நம்பர் எப்படி இருக்கிறது, என் நம்பர் ஏன் இல்லை என்பது தனியாக விசாரிக்கவேண்டிய விஷயம்.

அம்மா வகுப்பைப் பாதியில் விட்டு வந்தாள், ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பேக்கரிக்கார அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபமும் இருந்தது, தன்னைவிட மோசமாக ஒரு ஆள் இருக்கிறானே என்ற ஆறுதலும் இருந்தது. அம்மா கத்துவாள் என்று தயாராக நின்றேன், பதிலுக்கு நேற்றைய போன் பேச்சை எடுத்து வீசலாம் என்று வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. காரைச் சுற்றி வந்தாள், ஜாக்கியைப் பார்த்தாள், தரையில் தூசி கலைந்திருந்த இடத்தைப் பார்த்தாள், கடைசியில் என் சட்டையைப் பார்த்தாள். தோளில் கிரீஸ். "உள்ள போனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். கண்ணாடி விழுந்தது எடுத்தேன் என்றேன். கார் விழறதுக்கு முன்னாடியா என்றாள். கொஞ்சம் முன்னாடிதான் என்றேன். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள் வாண்டு. பேக்கரிக்கார அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பார்த்தபிறகுதான், கண்ணாடிக்காக நான் தலையை விட்ட இடத்தில் இப்போது கார் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

தண்ணீர் குடித்துவிட்டு, கட்டை எங்க, கட்டை போடாமலா தூக்குனீங்க என்றாள். எந்தக் கட்டை என்றேன். முட்டுக்கட்டை, சக்கரத்துக்குப் பின்னாடி வைக்கிறது, நேத்துக்கூடப் பொண்ணுகிட்ட சொன்னேனே, நம்ம வீட்டுக் கட்டை பழசு, ஓரம் தேஞ்சது, ஆனா அதை வச்சா மலையே நகராது, அதுமாதிரி ஒண்ணு வாங்கிக்கோன்னு. நான் மெதுவாகத் திரும்பி, இவ்வளவு நேரம் நான் உட்கார்ந்திருந்த முக்கோணத்தைக் காட்டினேன். பிறகு, சொல்லியிருக்கவே வேண்டாம், ஆனால் என் வாய் எப்போது என் பேச்சைக் கேட்டிருக்கிறது, அப்ப நேத்து நீ போன்ல சொன்ன முட்டுக்கட்டை நான் இல்லையா என்று கேட்டுவிட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "உங்களைச் சொல்லணும்னா போர்டிகோவுக்குப் போய் எதுக்கு ரகசியமா சொல்றேன், நடு ஹால்ல நின்னே சொல்ல மாட்டேனா?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையா சிரிப்பா என்று பிரித்துப் பார்க்க முடியாத மாதிரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படியிலேயே சாய்ந்து சிரித்தாள். கிளட்ச் பிளேட் சிரிப்பைவிடப் பெரிய சிரிப்பு. சொல்லிவைக்கிறேன், கணக்கில் வைத்துக்கொள்.

அதோடு விட்டாளா, இல்லை. பேக்கரிக்கார அம்மாவை நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, பயிற்சிக் காரிலிருந்து வேறு ஜாக்கியை எடுத்து என் கையில் கொடுத்து, இப்ப நீங்களே தூக்குங்க நான் சொல்றேன் என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். மாணவர்களிடம் எப்படிப் பேசுவாளோ அப்படியே பேசினாள், நான் கேட்டதில்லை, ரொம்பப் பொறுமையான குரல், இந்தக் குரல் வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்று அதிலும் எனக்கு ஒரு பொறாமை. நீ போனில் கேட்டதுதான், இருந்தாலும் விழுந்து எழுந்தவன் வாயால் இன்னொரு தடவை கேள். முதலில் காரைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தவேண்டும். மண்ணிலோ வெயிலில் இளகிய தாரிலோ வைத்தால் ஜாக்கி புதைந்து சாயும், வேறு வழியில்லை என்றால் அடியில் அகலமான பலகை போடு. கியரில் விட்டு நிறுத்து, ஹேண்ட் பிரேக்கை அம்மா மாதிரி வேரோடு பிடுங்குகிற மாதிரி இழு. முன்பக்கத்தைத் தூக்கினால் பின் சக்கரத்துக்குக் கட்டை, பின்பக்கத்தைத் தூக்கினால் முன் சக்கரத்துக்குக் கட்டை, சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கமும் அடைத்துப் போடு. சக்கரத்தைக் கழற்றுவதானால் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திவிடவேண்டும், தூக்கியபிறகு தளர்த்தப் போனால் உன் அப்பா கதிதான். ஜாக்கியை வைக்கிற இடம் கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டில் இரண்டு வெட்டுக்கு நடுவில், உன் காரின் புத்தகத்தில் படமே போட்டிருக்கும், பார்க்காமல் ஏதோ இரும்பு தெரிகிறதே என்று வைத்தால் தகடு அப்பளமாக நொறுங்கும். முக்கியமானது இனிமேல்தான். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. அம்மா இதை அடித்துச் சொன்னாள். தூக்கியவுடன் இரும்பு ஸ்டாண்டை அந்தப் புத்தகத்தில் சொன்ன இடத்தில் கொடுத்து, ஜாக்கியை இறக்கி, காரின் பாரம் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு இடுப்பால் ஒரு இடி இடித்துப் பார்க்கவேண்டும். அம்மா இடித்தாள், கார் அசையவில்லை. நான் இடித்தேன், நான்தான் அசைந்தேன். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்துக் காருக்கு அடியில் தள்ளிவிட வேண்டும், எல்லாம் கைவிட்டாலும் அது பிடிக்கும். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர்களோடு பேச்சை நிறுத்திக்கொள், செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

கடைசியில் சக்கரத்தை நான் கழற்றினேன். போட்டோ எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று கை துறுதுறுத்த நேரத்தில் நசுங்கிய ஜாக்கிக்குப் பதில் அம்மா போனில் கேட்டிருந்த புதியதை எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்காரர் வந்து, கழற்றி வைத்த சக்கரத்தைப் பார்த்து, மேடம் கை பட்டா நட்டுகூடப் பேசாம வந்துருதுங்க என்றார். நான் கழற்றினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், என் சட்டை முழுக்கச் செவ்வந்தி மண், நானே நம்பமாட்டேன். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆமாங்க என்று சொல்லிவிட்டாள். அதற்கு இன்னும் மன்னிப்பு வழங்கப்படவில்லை.

ஆனால் அதன்பிறகு ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் இத்தனை தாளும். எல்லோரும் போனபிறகு, தகட்டில் நசுங்கல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க அம்மா அடியில் போகவேண்டியிருந்தது. துணியை விரித்துப் படுத்தவள், போவதற்கு முன்னால், வாங்க இங்க வந்து நில்லுங்க என்றாள். எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள், ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நானும் எப்போதும் பேப்பரோடு போய் நிற்பேன், அவள் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை, எதற்கு வெட்டியாக நிற்கவைக்கிறாள் என்று எனக்குள் ஒரு புகைச்சல். அன்றைக்குக் கேட்டுவிட்டேன், நான் நின்னு என்ன ஆகப்போகுது என்று. அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "வெளிய ஆள் இல்லாம நான் எந்தக் காருக்கு அடியிலயும் போனதில்லீங்க. உங்க செருப்பு தெரிஞ்சாத்தான் எனக்குக் கை ஓடும்." செருப்பை அவள் கண்ணில் படுகிற இடத்தில் ஊன்றிக்கொண்டேன். அவள் வெளியே வருகிறவரை காலை அரை அங்குலம்கூட நகர்த்தவில்லை, கொசு கடித்தது, கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி படுத்தபிறகு உன் நினைப்பு வந்தது. ஸ்டாண்டு வாங்கிவிடுவாய், கட்டை வாங்கிவிடுவாய், புத்தகமும் படிப்பாய், அம்மா சொன்னதையெல்லாம் அச்சுப் பிசகாமல் செய்வாய், உன்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே வெளியே யார் நிற்கிறார்கள்? வீட்டுக்காரம்மா பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவார், பக்கத்து வீடு காலி என்று நீ சொன்னதும் ஜன்னல் வழியாக என் காதில் விழுந்திருக்கிறது. உன்னோடு வேலை பார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள், ஒரு டீ போட்டுக் கொடு, ஒன்றும் தெரியாத பெண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த வேலைக்கு ஒன்றும் தெரியவேண்டியதில்லை, நானே தேறிவிட்டேன். ஆள் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்குக் கார் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கட்டும், அடியில் போகாதே. இது முட்டுக்கட்டைதான், நானே ஒத்துக்கொள்கிறேன், தயவு செய்து எடுத்துப்போடாதே.

அந்தப் பெண் நின்றாலும் எனக்கு ஒரு போன் போடு. அம்மாவுக்குப் போடாதே, அவள் உனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பாள், நீங்கள் இரண்டுபேரும் சிரிப்பீர்கள், நான் மறுபடி டம்ளர் துடைக்கவேண்டும். எனக்குப் போட்டுக் காருக்குப் பக்கத்தில் தரையில் போனை வைத்துவிட்டு நீ பாட்டுக்கு உள்ளே போ. நான் வாயைத் திறக்கமாட்டேன். இதை அம்மா நம்பமாட்டாள், நீயாவது நம்பு. ஒரு யோசனையும் சொல்லமாட்டேன், சொல்ல என்னிடம் இல்லை. நீ உள்ளே இருந்து ஸ்பேனரை உருட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். வெளியே வந்து எழுந்து நின்றதும், வந்துட்டேன்பா என்று ஒரு வார்த்தை சொல்லு. அதைக் கேட்டுக்கொண்டு போனை நானே கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன், மற்றதையெல்லாம் அவளிடம் பேசிக்கொள்.

நாலு சக்கரமும் தரையில் பட, நீ நல்லபடியாக, நிறையச் சிரித்துக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டு, நீண்ட ஆயுளோடு இரு தங்கம். அடியில் போகும்போது தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள், துப்பட்டா வேண்டாம், கண்ணில் தூசி விழாமல் கண்ணாடி போட்டுக்கொள், அது நான் அனுப்பிய ஃபிரேமாக இருந்தால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் அழுத்தி வளைத்துவிடு. அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள், காரைப் பற்றி என்று சொல்லியிருக்கிறேன்.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா